சின்ன வயசில் போட்டதா

போட்டதா, போடவில்லையா? காலையிலிருந்து இந்த ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு குற்றாலிங்கம் கட்டிலில் புரண்டுகொண்டிருந்தார். வலது பக்கம் புரண்டால் போட்டது என்று தோன்றியது. இடது பக்கம் புரண்டால் போடவே இல்லை என்று தோன்றியது. மல்லாந்து படுத்தால் மின்விசிறியைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. "சின்ன வயசுல உங்களுக்குச் சின்னம்மை வந்திருக்கா சார்? அத மட்டும் உறுதியாச் சொல்லுங்க" என்று கிட்னி டாக்டர் எப்சிபா போனில் கேட்டபோது, அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. ரத்தத்தை இழுத்து இழுத்துப் பார்க்கிறார்கள், மூத்திரத்தைப் பிடித்துப் பார்க்கிறார்கள், வயிற்றின் மேல் பசையைத் தடவிப் படம் பிடிக்கிறார்கள், கடைசியில் பாட்டி வைத்தியக்காரி மாதிரி சின்ன வயசைக் கேட்கிறார்கள். வந்திருந்தால் பெரிய பயமில்லை என்றார் டாக்டர். உடம்புக்கு அந்தக் கிருமியின் ஞாபகம் இருக்கும், அரைத் தூக்கத்திலும் அடையாளம் கண்டுகொள்ளும். வரவில்லை என்றால் இன்றைக்கே ஆஸ்பத்திரியில் வந்து படுக்க வேண்டும், ஊசி போட வேண்டும், எதிர்ப்புச் சக்தியை அமுக்கி வைக்கிற மாத்திரையில் ஒன்றை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மாற்றி வைத்த கிட்னி போகலாம். நிறுத்தாவிட்டால் ஆளே போகலாம். ரத்தத்தில் பார்த்துச் சொல்ல இரண்டு மூன்று நாள் ஆகும், அதுவரைக்கும் காத்திருக்க முடியாது. "சாயங்காலத்துக்குள்ள யார்கிட்டயாவது கேட்டுச் சொல்லுங்க. வீட்ல பெரியவங்க இருப்பாங்கள்ல?" பெரியவர்களாம், பெரியவர்கள். இருந்த பெரியவர்களை எல்லாம் தாமிரபரணிக் கரையில் எரித்தாயிற்று. மிச்சம் இருக்கிற ஒரே ஆள் கல்லிடைக்குறிச்சியில் இருக்கிற பிச்சம்மாள் அக்கா. அவளோடு அவருக்குப் பேச்சு இல்லை. "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கடைசியாக டாக்டர் கேட்டார். "அவ இருக்கா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

அவ என்பது அவர் மனைவி ஆவுடை. வீட்டின் பின்னால், துணி துவைக்கிற கல் கிடக்கும் தகரக் கொட்டகையில், வேப்பிலையின் மேல் படுத்திருந்தாள். அம்மை போட்டிருப்பது அவளுக்குத்தான். இரண்டு நாள் காய்ச்சலடித்து, அதைச் சொல்லாமல் மறைத்து, ஒரு காலையில் காப்பி டம்ளரை நீட்டியபோது அவள் கழுத்தில் நீர் கோத்த கொப்புளங்களை அவர் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் கட்டிலின் அந்தப் பக்கமாகக் குதித்த வேகம், ஓய்வு பெற்ற மனுஷனுக்கு ஆகாத வேகம். "அம்மா வந்திருக்கா போலிருக்குங்க" என்றாள் அவள், டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல். "எந்த அம்மா வந்தா எனக்கென்ன? பின்னால போ. கொட்டகைக்குப் போ. அந்த டம்ளரையும் எடுத்துட்டுப் போ" என்று கத்தினார். அம்மை கண்டவளை வீட்டை விட்டு இறக்கக் கூடாது, ஆத்தாளையே வெளியே தள்ளுகிற மாதிரி என்று ஊரில் சொல்வார்கள். அவர் வெளியே தள்ளவில்லை, கொட்டகையும் காம்பவுண்டுக்குள்தானே இருக்கிறது. சித்திரை வெயிலில் அந்தத் தகரம் அப்பளம் பொரிக்கும் என்பது அவருக்கும் தெரியும். அவளும் ஒரு பாய், ஒரு தலையணை, செல்போன் மூன்றையும் எடுத்துக்கொண்டு பேசாமல் போனாள். அதுதான் அவருக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை அழுதிருக்கலாம். திரும்பிப் பார்த்திருக்கலாம். விட்டால் போதும் என்கிற மாதிரியல்லவா போனாள். பக்கத்து வீட்டு ராஜம் சுவருக்கு மேலே இளநீரும் கஞ்சியும் நீட்டுகிற சத்தம் அவ்வப்போது கேட்டது. அவருக்கு யாரும் எதையும் நீட்டவில்லை. வெளிச்சாப்பாடு ஆகாது, அடுப்பு பற்ற வைக்கத் தெரியாது. ரஸ்க்கைப் பாலில் நனைத்துத் தின்று தின்று நாக்கு அட்டை மாதிரி ஆகிவிட்டது. அறைக் கதவின் அடியில் ஈரத் துண்டைத் திணித்து வைத்திருந்தார். கிருமி அதற்கு மேலேயும் வரும் என்று தெரிந்துதான் திணித்திருந்தார்.

ஆபரேஷன் முடிந்த புதிதில் டாக்டர் எப்சிபா கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு பாடம் நடத்தியது ஞாபகம் வந்தது. "சார் ரயில்வேல என்னவா இருந்தீங்க?" "டி.டி.இ." "அப்ப உங்களுக்கு ஈசியாப் புரியும். உள்ள இருக்கிற வெள்ளை அணுக்கள் உங்க வேலையத்தான் பாக்குது. உடம்புல இருக்கிற ஒவ்வொரு செல்லும் தன்னோட அடையாளத்த வெளிய காட்டிக்கிட்டே இருக்கும். இதுங்க ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாத்துக்கிட்டே போகும். அடையாளம் ஒத்து வரலன்னா கொன்னுரும். ஒரு தடவ மாட்டின கிருமி மறுபடி வந்தா, பழைய ஞாபகத்த வச்சு வாசல்லயே பிடிச்சிரும்." அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தனக்குள்ளே கோடிக்கணக்கான குற்றாலிங்கங்கள் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு நடமாடுவதை நினைத்துச் சிரித்தார், தையல் இழுத்தது. டிக்கெட் இல்லாதவனை அவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். டிக்கெட் இருக்கிறவன் பையைத் தேடுவான், இல்லாதவன் ஜன்னலுக்கு வெளியே மாடு மேய்வதை உலக அதிசயம் போல் பார்ப்பான். அவனை உடனே கேட்கக் கூடாது. சுற்றி உட்கார்ந்திருக்கிற எல்லாரையும் கேட்டு, எல்லார் டிக்கெட்டிலும் கோடு கிழித்து, அவனை மட்டும் விட்டுவிட்டு இரண்டு அடி நகர வேண்டும். அவன் மூச்சு விடுவான். அப்போது திரும்ப வேண்டும். அந்த முகம் வெளுக்கிற அழகைப் பார்க்கத்தானே இத்தனை வருஷம் ஆடுகிற வண்டியில் நின்றார். ஒரு தடவை ஒருத்தி, டிக்கெட் புருஷனிடம் இருக்கிறது, அவர் பின்னால் ஏதோ பெட்டியில் ஏறிவிட்டார் என்று அழுதாள். இதைச் சொல்லாதவர்கள் யார்? கடம்பூரில் இறக்கிவிட்டார். கோவில்பட்டியில் ஒருத்தன் இரண்டு டிக்கெட்டையும் கையில் வைத்துக்கொண்டு பெட்டி பெட்டியாக ஓடி ஓடிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அதற்கு அவர் என்ன செய்ய முடியும்? கையில் இருந்தால்தான் டிக்கெட். "உங்க மனைவியோட கிட்னியில அவங்க அடையாளம் இருக்கு, உங்க அடையாளம் இல்ல" என்றார் டாக்டர். "நல்லது செய்ய வந்திருக்குன்னு உங்க செல்லுக்குத் தெரியாது. விட்டா கடிச்சுத் தின்னுரும். அதான் இந்த மாத்திரை. செக்கிங் பண்றவங்களத் தூங்க வைக்கிறோம்." "அவங்க தூங்கினா கண்டவனும் ஏறிருவானே டாக்டர்?" "ஏறுவான் சார். அதான் கடைசி வரைக்கும் ஜாக்கிரதையா இருக்கணும்." அன்றைக்குச் சிரித்த சிரிப்பு அதோடு நின்றது.

சட்டையைக் கழற்றிவிட்டு இடது தோளைத் தடவினார். வட்டமாக, காலணா அகலத்துக்கு ஒரு தழும்பு. காலையில் டாக்டரிடம் வெற்றி முழக்கம் மாதிரி இதைத்தான் சொன்னார். "அம்மை குத்தியிருக்கு டாக்டர், தழும்பே இருக்கு." "அது பெரியம்மைக்குக் குத்தினது சார். அந்த நோயே இப்ப உலகத்துல இல்ல. இது வேற கிருமி." இத்தனை காலம் தோளில் சுமந்த தழும்பு, ஊரை விட்டே ஓடிப்போன திருடனுக்காக வாசலில் கட்டிப் போட்டிருக்கிற நாயாகிவிட்டது. தழும்பை நகத்தால் கீறினார், வெள்ளைக் கோடு விழுந்தது. போட்டதா? வேப்பிலை வாசம் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது இப்போது கொட்டகையிலிருந்து வருகிற வாசமாகவும் இருக்கலாம். ஈரத் தரையில் படுத்திருந்தது ஞாபகம் இருக்கிறது. ஒரு பிள்ளை, சொறியக் கூடாதென்று அதன் இரண்டு கைகளிலும் துணி சுற்றியிருந்தார்கள், அது துணிக் கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டு அழுதது. அந்தப் பிள்ளை தானாக இருந்தால் அதன் முகம் எப்படித் தெரியும்? தன் முகத்தைத் தானே பார்க்க முடியாதே. ஆகவே அது வேறு பிள்ளை. எதிர் வீட்டுப் பிள்ளையாக இருக்கும். எதிர் வீட்டில் பிள்ளையே கிடையாது, வெற்றிலைக் கடை. அப்படியென்றால் கண்ணாடியில் பார்த்ததா? துணி சுற்றிய பிள்ளையை யார் கண்ணாடி முன்னால் கொண்டு நிறுத்துவார்கள்? ரயிலில் ஒரு தடவை பார்த்த முகத்தைப் பத்து வருஷம் கழித்துப் பிளாட்பாரத்தில் வைத்துச் சொல்கிற தலைக்கு, சொந்த உடம்பு பட்டதா படவில்லையா என்று சொல்லத் தெரியவில்லை. முதுகில் அரித்தது. கைக் கண்ணாடியை எடுத்துத் தோளுக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தார். ஒரு சிவப்புப் புள்ளி. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார், எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். கொசுக்கடிதான். கொசுக்கடியாகத்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் இன்னொரு கொசுக்கடி. அந்த அறைக்குள் கொசு வந்து மாதக்கணக்காகிறது, அவ்வளவு வலை அடித்திருந்தது. கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சட்டையை மாட்டிப் பொத்தான்களைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டார்.

அடிவயிற்றின் வலது பக்கம் கை போயிற்று. அங்கேதான் வைத்திருக்கிறார்கள் அவளுடையதை. தொட்டால் மெத்தென்று ஒரு மேடு. சில நேரம் அது அவர் தூங்கிய பிறகும் விழித்திருப்பது போல ஒரு எண்ணம் வரும், வந்தால் அன்று முழுக்க எரிச்சல். முதலில் கொடுக்க வந்தது அக்காதான். புருஷனை இழந்தவள், தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டதும் ஒரு மஞ்சப்பையோடு பஸ் ஏறி வந்து, "என்னதுல ஒண்ண எடுத்துக்கிடுங்கம்மா" என்று நர்ஸிடம் சொன்னவள். பரிசோதித்துப் பார்த்தார்கள், சர்க்கரை வியாதி முற்றிக் கிடந்தது. ஆகாது என்றார்கள். அவர் வார்டு முழுக்கக் கேட்கும்படி, "ஒன்கிட்ட இருக்கிறதுல உருப்படியா ஒண்ணாவது இருக்குமான்னு பாத்தேன், அதுவும் இல்லயா" என்றார். சாகப் போகிறவனுக்குக் கோபம் வராதா? அதைப் புரிந்துகொள்ள வேண்டாமா? அக்கா முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டு, "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான், இன்றுவரை இந்தப் பக்கம் வரவில்லை. அதன் பிறகுதான் ஆவுடைக்குப் பார்த்தார்கள், எல்லாம் பொருந்தியது. இத்தனை வருஷத்தில் அவர்கள் இரண்டு பேருக்கும் பொருந்திய ஒரே விஷயம் என்று அவரே எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். உறுப்பு தானத்துக்கு அனுமதி கொடுக்கிற கமிட்டியில் ஒரு அம்மாள் ஆவுடையிடம், "யாராவது கட்டாயப்படுத்தினாங்களா? பயப்படாமச் சொல்லுங்க" என்று கேட்டாள். ஆவுடை அவரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார். "இல்லம்மா" என்றாள். கொடுத்தாள், வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்ட பிறகு வீட்டுக்குள் அவர் ஒரு சட்டம் போட்டார். உள்ளே இருக்கிறவர்கள் தூங்கினால் வெளியே யாராவது முழித்திருக்க வேண்டும் அல்லவா? அது அவள். யாரும் வரக் கூடாது, யார் வீட்டுக்கும் போகக் கூடாது, கோயில் கூடாது, கூட்டம் கூடாது, தும்மினால் குளிக்க வேண்டும். அவளுடைய அம்மா செத்துப்போன செய்தி வந்தபோது, போகலாம், ஆனால் போனால் இந்த வீட்டுக்குத் திரும்பி வரக் கூடாது என்றார். "நீ போகலன்னா செத்தவளுக்குத் தெரியவா போகுது? எனக்குக் கிருமி வந்தா எனக்குத் தெரியும்." அவள் போகவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். அழுதால் மூக்கு ஒழுகும், மூக்கு ஒழுகினால் ஜலதோஷமா என்று அவர் கேட்பார், அதற்குத்தான்.

இவ்வளவு காவலிருந்தும் எப்படி வந்தது? அவளைக் கொட்டகைக்கு அனுப்பிய அன்றைக்கே, அதன் கதவுக்கு வெளியே நின்று, முகக்கவசத்துக்கு மேலேயும் மூக்கைப் பொத்திக்கொண்டு, திருட்டு ரயில் ஏறியவனை விசாரிக்கிற மாதிரி விசாரித்தார். எங்கே போனாய், யாரைத் தொட்டாய்? சொன்னாள். பால்காரர் தன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாராம், அதைத் தூக்கினாளாம். "எதுக்குத் தூக்கின?" "கைய நீட்டுச்சு." கையை நீட்டியதாம்! பிள்ளை இல்லாத வீட்டில், கேட்டுக்குப் பக்கத்தில், அவர் தூங்குகிற நேரமாகப் பார்த்து, ஊரான் வீட்டுச் சளியை இடுப்பில் தூக்கி வைத்திருக்கிறாள். அவருக்கு அது கள்ளத்தனமாகவே பட்டது. எத்தனை நாளாகத் தூக்குகிறாளோ? முத்தம் கூடக் கொடுத்திருப்பாள். அந்த உதட்டோடு வந்துதானே சோறு போட்டாள்? இப்போது அம்மை இறங்கித் தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றுகிறவரைக்கும் மகாராணி மாதிரி கிடக்கிறாள். அவள் செத்துப்போனால் என்ன ஆகும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை அவர் விரட்டவில்லை. ஒரு கிட்னியோடு கிடக்கிறவள், பெரிய வயசில் அம்மை போட்டால் நெஞ்சுக்குள் இறங்கும் என்று டாக்டரே ஏதோ சொன்னார். செத்தால் யார் சமைப்பது? ஒரு ஆளை வைக்கலாம், அந்த ஆள் பஸ்ஸில் வருவாள், பஸ் முழுக்கக் கிருமி. காரியத்துக்குக் கூட்டம் வரும், அழுது சளி சிந்துவார்கள். அவள் செத்தால் அவர் வயிற்றில் இருப்பது செத்தவளுடையது ஆகிவிடுமே, அது மட்டும் எப்படி உயிரோடு இருக்கும்? இருக்கும், இருக்கும், அதற்கும் அவளுக்கும் இனி என்ன சம்பந்தம்? அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஆவுடை போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டு மட்டும் இல்லை, சிரித்துக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் கொப்புளத்தோடு, தகரத்துக்கு அடியில், இந்த வெயிலில். அவள் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்தார், பிடிபடவில்லை. வெயில் சாய ஆரம்பித்திருந்தது. டாக்டர் சொன்ன சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. போனை எடுத்தார், வைத்தார், எடுத்தார். அக்காவின் நம்பரை அழிக்காமல் வைத்திருந்ததற்குத் தன்னையே மெச்சிக்கொண்டு அமுக்கினார்.

வெகு நேரம் மணி அடித்த பிறகு எடுத்தாள். "சொல்லு" என்றாள். யார் என்று கேட்கவில்லை. "அக்கா, நாந்தான்." "தெரியும். சொல்லு." அவருக்கு நலம் விசாரிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது, அதற்கு நேரமில்லை. "எனக்குச் சின்ன வயசுல அம்மை போட்டுச்சா?" அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு சேவல் கூவியது. "ஆவுடைக்கு எறங்கிட்டா?" என்று கேட்டாள் அக்கா. ஆவுடைக்குப் போட்டிருப்பது இவளுக்கு எப்படித் தெரியும் என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. "எறங்கும், எறங்கும். நான் கேட்டதுக்குச் சொல்லு." "போட்டுச்சு." "எது? பெரியம்மையா, சின்னம்மையா?" "பெரியம்மன்னா ஒம் மூஞ்சி இப்படியா இருக்கும்? சின்னம்மதான். நீ நாலு வயசுப் பிள்ள. ஒங் கையில துணி சுத்திவிட்டதே நாந்தான்." அவர் சுவரில் சாய்ந்தார். அக்கா நிறுத்தவில்லை. "ஒனக்கு எறங்கவும் பாப்பாவுக்குப் போட்டுட்டு." "எந்தப் பாப்பா?" "ஒனக்குப் பின்னால ஒருத்தி பொறந்தால்ல. ஒனக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது. பேர்கூட வைக்கல, பாப்பா பாப்பான்னுதான் கூப்பிடுவோம். ஒன்னத் தனியாத்தான் படுக்க வச்சிருந்தோம். எல்லாரும் அசந்த நேரத்துல நீ எந்திரிச்சுப் போயி தொட்டிலுக்குள்ள ஏறி அவகூடப் படுத்துக்கிட்ட. நல்லாத் தூங்கிட்ட. நாந்தான் பாத்தேன். பச்ச மண்ணு, தாங்கல, போயிட்டா. அம்மா ஒன்ன ஒரு வார்த்த சொல்லல. ஆனா அதுக்கப்புறம் அவ ஒன்னத் தொட்டு நான் பாத்ததில்ல. குளிப்பாட்டினது, சோறு ஊட்டினது, தலவாரி விட்டது எல்லாம் நான். இவங்கிட்டச் சொல்லிராத, தாங்க மாட்டான்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினா. தாங்க மாட்டானாம்." அவர் அந்தப் பாப்பாவை நினைத்துப் பார்க்க முயன்றார். தொட்டிலை நினைத்தார், தொட்டில் வந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. அம்மாவை நினைத்தார். அம்மா என்றால் எப்போதும் ஒரு முதுகுதான் ஞாபகத்துக்கு வரும், அது ஏன் என்று இப்போது தெரிந்தது. தெரிந்து என்ன? ஏதோ சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். "அப்ப எனக்கு நிச்சயமாப் போட்டிருக்கு?" என்று கேட்டார். சேவல் இரண்டு தடவை கூவிற்று. "போட்டிருக்குல. நீ பொழச்சுக்கிடுவ. நீ எப்பவும் பொழச்சுக்கிடுவ" என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டாள்.

அவருக்குத் துக்கம் வந்திருக்க வேண்டும். வரட்டும் என்று கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு மரியாதையாகக் காத்தும் பார்த்தார். வந்தது பசி. அப்படியொரு பசி ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அறிந்ததில்லை. தப்பித்தோம், தப்பித்தோம் என்று காதுக்குள் ரத்தம் அடித்தது. உள்ளே எல்லாரும் மாத்திரை தின்று குறட்டை விட்டாலும், யாரோ ஒரு பழைய ஆள், அந்தக் கிருமியின் மூஞ்சியை அறுபது வருஷமாக மறக்காமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறான். கெட்டிக்காரன். தலைக்குத் தெரியாததை உடம்பு வைத்திருக்கிறது. முதுகில் அரித்தது கொசுதான், வேறென்ன? பாப்பாவின் நினைப்பு ஓரமாக வந்து எட்டிப் பார்த்தது. அது யார் செய்த தப்பும் இல்லை, நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும், குளிர்ச்சியாக இருந்திருக்கும், ஏறிப் படுத்திருக்கும். இருபது வருஷம் கழித்துச் சாகிறவர்களும் இருக்கிறார்கள், இருபது நாளில் சாகிறவர்களும் இருக்கிறார்கள். மிளகு ரசம் வைத்து, பருப்புத் துவையல் அரைத்து, ஆவி பறக்கிற சோற்றில் நெய் விட்டுச் சாப்பிட்டால் எப்படி இருக்கும்? டாக்டருக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். கதவின் அடியில் இருந்த துண்டைக் காலால் தள்ளிவிட்டு, முகக்கவசத்தைக் கட்டிலில் கழற்றி எறிந்துவிட்டு, பல நாளுக்குப் பிறகு தன் வீட்டுக்குள் தானே விருந்தாளி மாதிரி நடந்து பின்பக்கம் போனார்.

கொட்டகைக்குள் வெக்கை முகத்தில் அறைந்தது. ஆவுடை ஈரத் துணியைப் போர்த்திக்கொண்டு வாடின வேப்பிலை மேல் ஒருக்களித்துக் கிடந்தாள். தலைமாட்டில் வெட்டின இளநீர்க் கூடுகள், செல்போன். இமை மேல் கூடக் கொப்புளம். முகத்தில் இடமே இல்லை. ஆனாலும் அந்த முகத்தில் என்னவோ ஒன்று அவரைத் தடுத்தது. நன்றாகத் தூங்கி எழுந்தவளின் முகமாக இருந்தது அது. கவசம் இல்லாமல் வந்து நிற்கிறவரை அவள் பார்த்தாள். பதறவில்லை, முந்தானையால் வாயை மூடவில்லை.

"எந்திரி, உள்ள வா" என்றார், தாராள மனசோடு. "எனக்கு ஒண்ணும் ஆகாது. நாலு வயசுலயே போட்டிருக்காம். இப்பதான் அக்காகிட்ட கேட்டேன். மொள்ள எந்திரிச்சு வந்து ஒரு ரசம் மட்டும் வை. நாக்கு செத்துப்போச்சு."

"தெரியும்" என்றாள் ஆவுடை.

"என்ன தெரியும்?"

"ஒங்களுக்குப் போட்டது. கொப்புளத்தப் பாத்த அன்னைக்கே மதினிக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன். பாப்பா செத்ததையும் சொன்னாக. நல்லாப் பேசுதாக மதினி. தெனமும் பேசுதோம்."

வெயில் அவருடைய உச்சந்தலையில் இறங்கியது. ரஸ்க், ஈரத் துண்டு, கைக் கண்ணாடி, கழுத்து வரைக்கும் போட்ட பொத்தான் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் செத்துச் செத்துப் பிழைத்தபோது, இந்தப் பக்கம் இவள் தெரிந்துகொண்டே படுத்திருந்திருக்கிறாள். கத்த நினைத்தார், குரல் சிறு பிள்ளையின் குரலாக வந்தது. "சாயங்காலத்துக்குள்ள டாக்டருக்குச் சொல்லணும். போன்ல பேசினது ஒனக்குக் கேட்டிருக்குமே. மாத்திரைய நிறுத்தியிருந்தா?"

"அதுக்கு முன்னால சொல்லியிருப்பேன்" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "சொல்லியிருப்பேன்னுதான் நெனைக்கேன்."

"ஏன் அன்னைக்கே சொல்லல?"

ஆவுடை மறுபக்கம் திரும்பிப் படுத்துக் கன்னத்தை வேப்பிலையில் வைத்துக்கொண்டாள்.

"சொன்னா உள்ள கூப்பிட்டிருப்பியல்லா" என்றாள்.